டெலிபோனில் ஒரு தரம்!

ஏலம் என்றால் என்னவென்று நம் நேயர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. புளியமரத்து மகசூல் முதல் ஏரி மீன் வரையில், வாரச்சந்தைச் சுங்கம் முதல் கோவில் கடைகள் வரையில், இந்நாட்டில் ஏலத்துக்கு வராத பொருள்கள் மிகச் சிலவே. "ஒரு தரம், இரண்டு தரம்" என்ற குரல் எழுந்ததும் கூட்டத்தில் நிசப்தம் உண்டாவதும், மூன்றாவது தரம் வாயிலிருந்து வெளிப்படுவதற்குள் எங்கோ ஒரு மூலையிலிருந்து ஒருவர் கையைத் தூக்குவதும், அனைவரும் "யாரது?" என்று திரும்பிப் பார்ப்பதும் நாம் பலமுறை கண்ட காட்சிகள். ஏலம் என்னும் சொல்லே 'லெய்லாவ்' என்ற போர்த்துகீசிய வார்த்தையிலிருந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் கூறுகிறார்கள். சொல் கடல் கடந்து வந்ததாயினும், வழக்கம் நம் மண்ணோடு மண்ணாய்க் கலந்துவிட்டது.

அந்த வழக்கத்தின் உயிர்நாடி எது என்று யோசித்தால், "யாரது?" என்ற அந்தக் கேள்விதான் என்பது விளங்கும். விற்பவன், வாங்குபவன், போட்டி போடுபவன் எல்லோரும் ஒரே பந்தலின்கீழ், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். பொய்க் கேள்வி கேட்பவன் அகப்பட்டுக்கொள்வான். கையில் பணமில்லாமல் வீம்புக்கு விலை ஏற்றுகிறவனை ஊரே அறியும்.

இன்றைக்கு லண்டனிலும் நியூயார்க்கிலும் நடக்கும் பெரிய ஏலங்களில் இந்த உயிர்நாடியே மாறிவிட்டது. பல சமயங்களில் மிகப் பெரிய விலை கொடுக்கும் மனிதர் மண்டபத்தில் இருப்பதில்லை. அந்தத் தேசத்திலேயே இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, காதில் டெலிபோனை வைத்துக்கொண்டு, "சரி" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லுகிறார். மண்டபத்தில் சுத்தியல் விழுகிறது. பொருள் கைமாறுகிறது. வாங்கியவர் யார் என்று கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இது ஏதோ சீமைப் பிரபுக்களின் விளையாட்டு, நமக்கென்ன என்று இருந்துவிடுவதற்கில்லை. அப்படி விற்பனையாகும் பொருள்களில் நம்முடையவையும் இருக்கின்றன.

மகாத்மா கூறிய ஏலம்

காந்தியடிகள் ஏலம் கூறுவதில் மகா சமர்த்தர். 1933-ஆம் வருஷம் நவம்பரில் தொடங்கி அடுத்த வருஷத்தின் நடுப்பகுதி வரையில் அவர் ஹரிஜன யாத்திரை செய்தார். 1934-இல் தமிழ்நாட்டிலும் ஊர் ஊராகச் சுற்றினார். சென்ற இடங்களில் மக்கள் கொடுத்த வரவேற்புப் பத்திரங்களையும், அவற்றை வைத்துக் கொடுத்த வெள்ளிப் பேழைகளையும், ஸ்திரீகள் கழற்றித் தந்த நகைகளையும் மேடையிலேயே ஏலத்துக்கு விடுவார். கேட்பவர்களை வேடிக்கையாகச் சீண்டி விலையை ஏற்றுவார். சேர்ந்த பணமெல்லாம் ஹரிஜன நிதிக்கு. அந்த ஏலத்தில் ஒளிவு மறைவு எதுவும் கிடையாது. கேட்டவர் மேடைக்கு வந்து பணத்தைச் செலுத்தி, அவர் கையாலேயே பொருளைப் பெற்றுச் செல்லுவார்.

அவருடைய சொந்த உடைமைகள் ஏலத்துக்கு வந்த கதை வேறு விதம். 2009-ஆம் வருஷம் மார்ச்சு 5-ஆம் தேதி, நியூயார்க்கில் ஆண்டிகோரம் என்ற ஏலக் கம்பெனியார் காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, சட்டைப்பைக் கடிகாரம், கிண்ணம், தட்டு ஆகியவற்றைச் சேர்த்து ஒரே இனமாக ஏலம் விட்டனர். அவற்றை வைத்திருந்தவர் ஜேம்ஸ் ஓடிஸ் என்னும் அமெரிக்கர். கம்பெனியார் முன்கூட்டி இட்ட மதிப்பு இருபதாயிரம் முதல் முப்பதாயிரம் டாலர்தான். நம் நாட்டில் பெருங் கிளர்ச்சி உண்டாயிற்று. டில்லி ஹைகோர்ட்டு விற்பனைக்குத் தடை உத்தரவு பிறப்பித்தது. கடைசி நேரத்தில் ஓடிஸே பொருள்களைத் திரும்பப் பெற விரும்பினார். ஆயினும் ஏலம் நடந்தது. விஜய் மல்லையாவின் பொருட்டு அவருடைய பிரதிநிதி கேட்டு 18 லட்சம் டாலருக்கு, அதாவது அந்நாளைய கணக்கில் ஏறக்குறைய 9 கோடி ரூபாய்க்கு, எடுத்தார். வாழ்நாள் முழுதும் உடைமை வேண்டாமென்று இருந்தவரின் தட்டுக்கும் கிண்ணத்துக்கும் அவ்வளவு விலை!

இத்தகைய ஏலங்களில் மண்டபத்துக்கு வெளியே உள்ளவர்கள் எப்படிக் கலந்துகொள்கிறார்கள் என்பதை இனிப் பார்ப்போம்.

முன்னேற்பாடுகள்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சென்னையில் உள்ள ஒருவர், லண்டனில் ஏலத்துக்கு வரும் பழைய சென்னைப் பட்டணத்துத் தேசப்படம் ஒன்றை வாங்க விரும்புகிறார். ஏலக் கம்பெனியார் சில வாரங்களுக்கு முன்பே ஒரு பட்டியல் வெளியிடுவார்கள். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம் உண்டு. பக்கத்தில் குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு என்று இரண்டு தொகைகள் இருக்கும். நம் நண்பர் விரும்பும் படத்தின் இலக்கம் 212 என்றும், மதிப்பு 2,000 முதல் 3,000 ஸ்டர்லிங் பவுன் வரை என்றும் கொள்வோம். இவற்றைத் தவிர மூன்றாவது தொகை ஒன்று இருக்கிறது. அது பட்டியலில் அச்சாவதில்லை. அதற்குக் குறைந்தால் விற்பதில்லை என்று விற்பவரும் கம்பெனியாரும் தமக்குள் செய்துகொண்ட இரகசிய எல்லை அது. வழக்கமாக அது குறைந்த மதிப்பைத் தாண்டுவதில்லை.

டெலிபோனில் கேட்க விரும்புவோர் ஏலத்துக்கு ஒரு நாளேனும் முன்னதாகத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளவேண்டும். ஆளடையாளத்துக்கும் விலாசத்துக்கும் அத்தாட்சி காட்டவேண்டும். பெரிய பொருளாயின் வங்கியின் கடிதமும், சில சமயம் முன்பணமும் கேட்பார்கள். எந்த எந்த இலக்கங்களைக் கேட்கப்போகிறார், எந்த டெலிபோன் எண்ணில் கூப்பிடவேண்டும், அது பழுதானால் வேறு எண் உண்டா என்பனவற்றை ஒரு பாரத்தில் எழுதித் தரவேண்டும். மிகச் சொற்ப விலையுள்ள பொருள்களுக்கு இந்த வசதியைத் தருவதில்லை. ஒருவருக்காக ஒரு சிப்பந்தி தம் வேலையை விட்டுவிட்டு டெலிபோனும் கையுமாக நிற்கவேண்டியிருப்பதே காரணம்.

அந்தப் பாரத்தில் ஒரு முக்கியமான கட்டம் இருக்கிறது. நடுவில் தொடர்பு அறுந்துபோனால் என்ன செய்வது? ஏலம் யாருக்காகவும் காத்திராது. ஆகையால், "தொடர்பு கிடைக்காமற்போனால் எனக்காக இன்ன தொகை வரையில் நீங்களே கேட்கலாம்" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். தொடர்பு நன்றாக இருக்கும் வரையில் அந்தத் தொகைக்கு வேலை இல்லை. எழுதாமல் விட்டவர் பொருளை இழந்தால் கம்பெனியார் பொறுப்பேற்பதில்லை. விதிகளில் இதைத் திட்டமாக அச்சிட்டே இருக்கிறார்கள்.

மணி அடிக்கிறது

ஏல நாள். லண்டனில் காலை பத்தரை மணிக்குத் தொடங்குகிறது. அங்கே கோடைக்காலமானால் நமக்கு அப்பொழுது பிற்பகல் மூன்று மணி. மணிக்கு எண்பது இலக்கங்கள் வீதம் நகர்ந்தால், 212-ஆவது இலக்கம் நமக்கு மாலை ஐந்தரை மணியை ஒட்டி வரும். நண்பர் டெலிபோனை விட்டு அகலாமல் காத்திருக்கவேண்டும்.

மண்டபத்தில் உயர்ந்த மேடைமேல் ஏலம் கூறுபவர் நிற்கிறார். எதிரே நாற்காலிகளில் ஜனங்கள். பக்கவாட்டில் நீண்ட மேஜை. அதன் பின்னே கம்பெனிச் சிப்பந்திகள் வரிசையாக, ஆளுக்கொரு டெலிபோனுடன் நிற்கிறார்கள். வெவ்வேறு பாஷைகள் தெரிந்தவர்கள் அவர்களில் இருப்பார்கள். நான்கைந்து இலக்கங்கள் முன்னதாகவே நம் நண்பருக்கு மணி அடிக்கும்.

"இப்பொழுது 208 நடக்கிறது. உங்களுடையது வர மூன்று நிமிஷம் ஆகும். தொடர்பிலேயே இருங்கள்."

212 வந்துவிடுகிறது. சிப்பந்தி மண்டபத்தில் நடப்பதைத் தணிந்த குரலில் அப்படியே காதில் ஓதுகிறார்.

"2,000-இல் தொடங்கியிருக்கிறது. 2,200 மண்டபத்தில். 2,400 வேறொரு டெலிபோனில். அடுத்தது 2,600. கேட்கட்டுமா?"

"கேளுங்கள்."

சிப்பந்தி கையைத் தூக்குகிறார். ஏலம் கூறுபவர் அவரைப் பார்த்து, "டெலிபோனில் 2,600" என்று கூவுகிறார். இப்படியே போட்டி 3,000-த்தைத் தாண்டுகிறது. 3,200, 3,500 என்று ஏறுகிறது. படிகளின் உயரம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம். அதைக் கூட்டவும் குறைக்கவும் ஏலம் கூறுபவருக்கு அதிகாரம் உண்டு.

"3,500 மண்டபத்தில் இருக்கிறது. உங்களுக்கு எதிராக. 3,800 கேட்கட்டுமா?"

இங்கேதான் நண்பருக்குச் சோதனை. யோசிப்பதற்கு இரண்டு மூன்று வினாடிகளே உண்டு. எதிரி முகத்தைப் பார்த்து, "இவன் இன்னும் ஏறுவானா, இத்தோடு நின்றுவிடுவானா?" என்று ஊகிக்க வழியில்லை. சிப்பந்தியைக் கேட்டாலும் அவர் ஆலோசனை சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. "ஆம்" அல்லது "வேண்டாம்" என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். "உம்... பார்க்கலாம்" என்று நம்மவர்கள் இழுப்பது போல் இழுத்தால், அதற்குள் சுத்தியல் விழுந்துவிடும்.

"கேளுங்கள்" என்கிறார் நண்பர். 3,800-இல் சுத்தியல் விழுகிறது. சிப்பந்தி தம்மிடமுள்ள அட்டையை உயர்த்திக் காட்டுகிறார். அதில் இருப்பது ஓர் எண் மாத்திரமே, பெயர் இல்லை.

கணக்கு அத்தோடு முடிவதில்லை. சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் வாங்குபவர் கம்பெனிக்குத் தரும் கமிஷன் ஒன்று உண்டு. பெரிய கம்பெனிகளில் அது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு; மிகப் பெரிய தொகைகளுக்கு வீதம் குறையும். நாலில் ஒன்று என்று கொண்டால், 3,800-க்குக் கேட்டவர் 4,750 பவுன் தரவேண்டும். அதன்மேல் வரி, கட்டுக் கூலி, கப்பற் செலவு, இன்ஷ்யூரன்ஸ், நம் துறைமுகத்துச் சுங்கம். ஏலத்தின் வேகத்தில் இவற்றை மறந்து கேட்டவர்கள் பின்னால் மூக்கில் விரலை வைத்துக்கொள்வது சகஜம்.

திப்புவின் வாள்

1799-ஆம் வருஷம் மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்தில் உயிர் துறந்தார். அவருடைய அந்தரங்க அறையில் இருந்த வாள், தாக்குதலுக்குத் தலைமை வகித்த பேர்டு என்ற வெள்ளைத் தளகர்த்தருக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. 224 வருஷங்களுக்குப் பின்பு, 2023-ஆம் வருஷம் மே 23-ஆம் தேதி, லண்டனில் பான்ஹாம்ஸ் கம்பெனியார் அதை ஏலம் விட்டனர். மதிப்பு 15 லட்சம் முதல் 20 லட்சம் பவுன் வரை என்று பட்டியலில் கண்டிருந்தது. டெலிபோனில் இருவரும், மண்டபத்தில் ஒருவரும் ஆக மூன்று பேர் மல்லுக்கு நின்றார்கள். முடிவில் கமிஷன் உட்பட விலை 1 கோடியே 40 லட்சம் பவுனுக்கு மேல் போயிற்று. நம் நாணயத்தில் 140 கோடி ரூபாய்க்கு மேல்.

இதைவிடப் பெரிய ஏலம் 2017-ஆம் வருஷம் நவம்பர் 15-ஆம் தேதி நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் கம்பெனியில் நடந்தது. லியனார்டோ டாவின்சி தீட்டியதாகச் சொல்லப்படும் 'உலக இரட்சகர்' சித்திரத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிஷம் போட்டி. கடைசியில் எதிர்த்து நின்ற இருவரும் டெலிபோனில்தான் இருந்தார்கள். விலை 37 கோடி டாலரில் நின்றபொழுது ஒரு சிப்பந்தி கையைத் தூக்கி, ஒரே தாவலில் 40 கோடி என்றார். சுத்தியல் விழுந்தது. கமிஷன் சேர்ந்து 45 கோடியே 3 லட்சம் டாலர். அன்றைக்கு உலகம் பார்த்ததெல்லாம் அந்தச் சிப்பந்தியின் கையைத்தான். வாங்கியவர் சவூதி அரச குலத்தைச் சேர்ந்த ஒருவர் என்று பத்திரிகைகள் வெளியிடுவதற்குச் சில வாரங்கள் ஆயின.

கண் காணாத கேள்வி

"அடுத்த கேள்வி உங்களுக்கு எதிராக" என்று காதில் விழுகிறதே, அப்படி எதிராகக் கேட்பவர் உண்மையில் ஒருவர் இருக்கிறாரா? டெலிபோனில் இருப்பவர் அறியமாட்டார். மேலே சொன்ன இரகசிய எல்லையை விலை எட்டும் வரையில், விற்பவரின் சார்பில் ஏலம் கூறுபவரே கேள்விகளை எழுப்பிக்கொண்டு போகலாம் என்று பெரிய கம்பெனிகளின் விதிகள் கூறுகின்றன. அவர் கூரையில் தொங்கும் சரவிளக்கைப் பார்த்துக்கொண்டே, யாரோ கேட்டதுபோல் விலையைக் கூவுவார். 'சரவிளக்குக் கேள்வி' என்றே மேனாட்டார் இதைப் பரிகசிக்கிறார்கள். மண்டபத்தில் இருப்பவன் திரும்பிப் பார்த்தால் விளக்கு தெரியும். டெலிபோனில் இருப்பவனுக்கு எதிரியும் ஒன்றுதான், விளக்கும் ஒன்றுதான்.

இவ்விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் தெளிவானது. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் 64-ஆவது பிரிவு ஏலத்தைப் பற்றியே சொல்லுகிறது. சுத்தியல் விழும் வரையில், அல்லது வழக்கமான வேறு விதத்தில் விற்பனை முடிந்தது என்று அறிவிக்கும் வரையில், கேட்டவன் தன் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். விற்பவன் தானே கேட்பதற்கு உரிமை வேண்டுமானால் அதை முன்னதாகவே பகிரங்கமாகச் சொல்லவேண்டும். சொல்லாமல் ஆள் வைத்துக் கேட்பது சட்ட விரோதம். வாங்கியவன் அவ்விற்பனையை மோசடியாகக் கருதலாம். விலையை ஏற்றுவதற்காக விற்பவன் பொய்க் கேள்வி கேட்டால், வாங்கியவன் இஷ்டப்பட்டால் விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம்.

நம் ஊர் நடப்பு

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதை எழுதும் நமக்கு, நம் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் நினைவு வராமல் போகாது. சென்னை மாகாணத்தில் இத்தகைய கூடங்களுக்கான சட்டம் 1933-இல் பிறந்தது; 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக முதற்கூடம் ஏற்பட்டது. நிலக்கடலையும் நெல்லும் மூட்டை மூட்டையாக வந்து குவியும் இக்கூடங்களில், வியாபாரிகள் வாய்விட்டு ஏலம் கேட்பதில்லை. குவியலைப் பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். யார் அதிகம் எழுதினாரோ அவருக்குக் குவியல். இதற்கு மறைமுக ஏலம் என்று பெயர். 2016-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி தொடங்கப்பட்ட தேசிய மின்னணுச் சந்தைத் திட்டத்தில் சேர்ந்த கூடங்களில் வெளியூர் வியாபாரியும் இருந்த இடத்திலிருந்தே விலை குறிப்பிடலாம்.

முகம் தெரியாமல் கேட்பது இங்கே நன்மையாக முடிகிறது. பகிரங்க ஏலத்தில் நாலு வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்து, "நீ கேளாதே, நான் கேளேன்" என்று பேசி வைத்துக்கொண்டால் குடியானவன் வாயில் மண்தான். அடுத்தவன் என்ன எழுதினான் என்று தெரியாதபொழுது கூட்டு கட்டுவது கடினம்.

இல்லத்தரசிகளுக்குப் பழக்கமான ஏலச் சீட்டை எடுத்துக்கொள்வோம். அதில் பொருள் இல்லை; பணத்தையே ஏலம் கேட்கிறோம். அவசரக்காரர் அதிகம் தள்ளிக் கேட்கிறார். தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பங்காக வருகிறது. 1982-ஆம் வருஷத்துச் சீட்டு நிதிச் சட்டப்படி, ஏலத்தின்போது சீட்டுக்காரர் இருவரேனும் கூட இருக்கவேண்டும். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி அந்த இருவர் நேரில் வராமல் காணொளி வாயிலாகவும் இருக்கலாம். ஆனால் அது பதிவு செய்யப்படவேண்டும். இந்த நிபந்தனையை நாம் கவனிக்கவேண்டும். தூரத்திலிருந்து கலந்துகொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. சாட்சியில்லாமல் நடப்பதைத்தான் தடுக்கிறது. உறவுக்காரர், தெரிந்தவர் என்று டெலிபோனிலேயே தள்ளுபடி பேசி முடிக்கும் பதிவில்லாத சீட்டுகளில் பணத்தைப் போடும் தாய்மார்கள் இதைச் சற்று யோசிக்கவேண்டும்.

ஆழ்வாரை ஏலம் விட்ட கதை

குடியானவனுக்கு அனுகூலமான அதே திரை, தெய்வத் திருமேனிகளின் விஷயத்தில் பெருங் கேடாக முடிகிறது. வேர்க்கடலைக்குப் பூர்வோத்தரம் தேவையில்லை. பஞ்சலோக விக்கிரகத்துக்குத் தேவை. எந்தக் கோவிலில் இருந்தது, எப்பொழுது, யாரால், எந்த உரிமையோடு வெளியே போயிற்று என்று கேட்காமல் ஏலம் விட்டால், கள்ளச் சரக்கு நல்ல சரக்காகிவிடும். விற்பவர் பெயர் பட்டியலில் "ஒரு கனவானின் சேகரிப்பிலிருந்து" என்று வரும்; வாங்குபவர் வெறும் எண்ணாக இருப்பார். இரண்டு முனையும் இருட்டு.

1967-ஆம் வருஷம் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆஷ்மோலியன் மியூஸியத்தார், லண்டன் சதபீஸ் ஏலத்தில் ஒரு திருமங்கையாழ்வார் விக்கிரகத்தை வாங்கினார்கள். பதினாறாம் நூற்றாண்டு வேலைப்பாடு. அவர்கள் நல்லெண்ணத்துடனேயே வாங்கியதாகச் சொன்னார்கள். ஆனால் பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தாரிடம் ஒரு புகைப்படம் இருந்தது. 1957-இல் கும்பகோணத்துக்கு அருகில் சுந்தரபெருமாள்கோவிலில் எடுத்த படம். அந்தப் படத்தில் இருந்தவர் இந்த ஆழ்வாரேதான்! கோவிலில் இருந்ததோ அவருக்குப் பதிலாக வைக்கப்பட்ட மாற்று உருவம் என்று சிலைத் திருட்டுத் தடுப்புப் போலீசார் கண்டனர். இந்திய சர்க்கார் உரிமை கோரினர். 2024-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக் கவுன்ஸில், விக்கிரகத்தைத் திருப்பித் தருவதற்கு இசைந்தது. அடியார்களுக்கு அமுதிடுவதற்காக வழிப்பறி செய்தவர் என்று குருபரம்பரை கூறும் ஆழ்வாரையே களவு செய்துவிட்டார்கள் என்றால், கலியின் கோலத்தை என்னவென்று சொல்லுவது!

ஆழ்வாரைக் காட்டிக் கொடுத்தது பெரிய இராஜ தந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். 1950-களின் நடுவிலிருந்து பாண்டிச்சேரி நிலையத்தார் ஊர் ஊராகச் சென்று எடுத்து வைத்த படங்களே பல வழக்குகளில் நமக்குச் சாட்சியாக நின்றிருக்கின்றன. நம் அண்ணாமலையார் கோவிலின் கல்வெட்டுகளையும் கட்டட அமைப்பையும்கூட அங்குள்ள பிரெஞ்சு அறிஞர்கள் நம் நாட்டு அறிஞர்களுடன் சேர்ந்து ஆராய்ந்து, 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் பல தொகுதிகளாக வெளியிட்டார்கள்.

ஏலம் கூறும் சுத்தியலைத் தடுத்து நிறுத்தவும் முடியும். 2012-ஆம் வருஷம் காந்தியடிகளும் அவர் நண்பர் காலன்பாக்கும் சம்பந்தப்பட்ட கடிதங்கள் சதபீஸில் ஏலத்துக்கு வர இருந்தபொழுது, நம் சர்க்கார் முன்கூட்டியே ஏறக்குறைய 7 லட்சம் பவுனுக்கு மொத்தமாக வாங்கிவிட்டனர். 2016-ஆம் வருஷம் மார்ச்சு மாதம், நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வைத்திருந்த இரண்டு இந்தியக் கற்சிலைகளை அமெரிக்க அதிகாரிகள் ஏலத்துக்கு முன்பே கைப்பற்றினர். 2025-ஆம் வருஷம் மே 7-ஆம் தேதி ஹாங்காங்கில், பிப்ரஹவா ஸ்தூபத்திலிருந்து 1898-இல் எடுத்த புத்தபிரானின் தாது இரத்தினங்களைச் சதபீஸ் கம்பெனியார் ஏலம் விட இருந்தார்கள். நம் சர்க்கார் வக்கீல் நோட்டீசு அனுப்பினர், ஏலம் ஒத்திவைக்கப்பட்டது. ஜூலை இறுதியில் இரத்தினங்கள் தேசம் திரும்பின. கோத்ரெஜ் குடும்பத்தார் பொருள் தந்து உதவினார்கள்.

இந்த மூன்றிலும் நாம் வென்றதற்குக் காரணம், ஏல நாளுக்கு முன்பே விழித்துக்கொண்டதுதான். சுத்தியல் விழுந்த பிறகு, டெலிபோனுக்கு அப்பால் உள்ள முகமற்ற மனிதரைத் தேடிப் பிடிப்பது சாமானியமல்ல. தனவந்தர் ஒருவர் தேசாபிமானத்தோடு வாங்கினாலும் அத்துடன் கவலை தீர்ந்தது என்று சொல்லுவதற்கில்லை. மல்லையா 2003-ஆம் வருஷம் லண்டனில் திப்புவின் வேறொரு வாளை ஏலத்தில் எடுத்து நாட்டின் பாராட்டைப் பெற்றார். அதை அவர் 2016-இல் யாருக்கோ கொடுத்துவிட்டார் என்ற செய்தி பின்னால் வங்கிகள் தொடுத்த வழக்கில் வெளிவந்தது. தேசத்தின் சொத்து ஒரு தனி மனிதரின் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கக்கூடாது.

நாம் செய்யக்கூடியது

1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட விக்கிரகங்களையும் சிற்பங்களையும் தனிப்பட்டவர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. சட்டம் இருக்கிறது, சாட்சி வேண்டும். இந்த ஜில்லாவில் பூஜைக்கு ஒருவேளை விளக்கேற்றக்கூட ஆளில்லாத சிவாலயங்களும் பெருமாள் கோவில்களும் எத்தனையோ உண்டு. அவற்றின் விக்கிரகங்களில் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னுமாகப் படம் எடுத்து, உயரத்தை அளந்து, பீடத்தில் எழுத்து இருந்தால் படியெடுத்து, தேதியிட்டு வைத்தால் அதுவே நாளைக்கு ஐயாயிரம் மைலுக்கு அப்பால் நமக்காகப் பேசும் சாட்சி. இன்றைக்குக் கிராமத்தில் பள்ளிக்கூடப் பையனின் சட்டைப் பையிலும் படம் பிடிக்கும் டெலிபோன் இருக்கிறது. தர்மகர்த்தாவின் அனுமதியோடு, அர்ச்சகரைக் கூட வைத்துக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. ஒரு பிரதியைக் கோவில் கணக்கில் சேர்த்து, மற்றொன்றை அறநிலையத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் போதும்.

டெலிபோன் குற்றவாளியல்ல. அது குடியானவனின் கடலைக்கு நல்ல விலையும் கொண்டுவரும்; கோவில் சாமிக்கு வனவாசமும் கொண்டுவரும். கேட்பவர் முகம் மறைந்திருக்கட்டும். விற்கும் பொருளின் வரலாறு மறைந்திருக்கக்கூடாது. எங்கோ ஒரு மண்டபத்தில் "ஒரு தரம், இரண்டு தரம்" என்று குரல் எழும்பொழுது, மூன்றாம் தரத்துக்கு முன்னால் "அது எங்கள் ஊர்ச் சாமி" என்று எழுந்து சொல்ல நம் கையில் ஒரு படமாவது இருக்கவேண்டும்.